ஆங்கிலத்தில் பெயரடை எது, வினையடை எது: பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

உட்லண்ட்ஸ் அம்மா:
வணக்கம். மகன் தொடக்கநிலை 5 படிக்கிறான். ஆங்கிலக் கட்டுரை பரவாயில்லை, வாசிக்கவும் செய்கிறான். ஆனால் ஒரு சொல்லைக் காட்டி இது பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா, பெயரடையா (அட்ஜெக்டிவ்) என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறான். 'லி' என்று முடிந்தால் வினையடை (அட்வெர்ப்) என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான், அதனால் ஃபிரெண்ட்லியும் அந்தப் பட்டியலில் போய்விட்டது. வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லும் சிந்தஸிஸ் பகுதியில் இன்னும் மோசம், டிசிஷன் என்று வரவேண்டிய இடத்தில் டிசைட் என்றே எழுதிவிடுகிறான். பயிற்சிப் புத்தகங்களில் விடை இருக்கிறதே தவிர ஏன் அந்த விடை என்று இல்லை. அடுத்த வருடம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. துணைப்பாடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க வழி இருந்தால் சொல்லுங்கள். தமிழில் விளக்கினால் அவனுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

ஈசூன்வாசி:
முதலில் அந்த 'லி' விதியைக் கொஞ்சம் திருத்திக் கொடுங்கள். பெயரடையோடு லி சேர்ந்தால் வினையடை (குவிக், குவிக்லி). பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் பெரும்பாலும் பெயரடைதான்: ஃபிரெண்ட் ஃபிரெண்ட்லி ஆகும், கவர்ட் (கோழை) கவர்ட்லி ஆகும். லி-யை எடுத்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்க்கச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

அதைவிட முக்கியமான விஷயம், சொல்லைத் தனியாகக் காட்டிக் கேட்கவே கேட்காதீர்கள். வாக்கியத்தில் அது என்ன வேலை செய்கிறது என்றுதான் கேட்க வேண்டும். எம்ஆர்டி ரயிலில் 'பிளீஸ் மைண்ட் த பிளாட்ஃபார்ம் கேப்' என்று அறிவிப்பு வருகிறதே, அந்த மைண்ட் வினைச்சொல். 'பீஸ் ஆஃப் மைண்ட்' என்றால் அதே சொல் பெயர்ச்சொல். வாட்டர் பெயர்ச்சொல்தான், ஆனால் 'வாட்டர் த பிளாண்ட்ஸ்' என்றால் வினை. 'ஃபாஸ்ட் டிரெயின்' என்பதில் ஃபாஸ்ட் பெயரடை, 'ரன்ஸ் ஃபாஸ்ட்' என்பதில் வினையடை, வடிவம் மாறவே இல்லை பாருங்கள். ரயிலில் போகும்போது பலகைகளைப் பார்த்து இப்படி நாலு கேள்வி கேட்டாலே போதும்.

செங்காங் தமிழாசிரியை:
அக்கா, உங்கள் பையனுக்குத் தமிழ் வகுப்பிலேயே இதற்குச் சாவி இருக்கிறது. வேகமான, அழகான என்று '-ஆன' வந்தால் பெயரடை, வேகமாக, அழகாக என்று '-ஆக' வந்தால் வினையடை. 'பிடிவாதமாக மறுத்தான்' என்பதைப் 'பிடிவாதமான மறுப்பு' என்று மாற்றச் சொல்லுங்கள், யோசிக்காமல் சொல்வான். சிந்தஸிஸில் கேட்பதும் இதேதான்: 'ஹி ரெஃப்யூஸ்ட் ஸ்டபர்ன்லி' என்பது 'ஹிஸ் ஸ்டபர்ன் ரெஃப்யூசல்' ஆகிறது. வினை பெயரானதும் ஹி ஹிஸ் ஆகிறது, வினையடை பெயரடை ஆகிறது. மூன்றும் சேர்ந்து மாற வேண்டும். பிள்ளைகள் ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள், மதிப்பெண் அங்கேதான் போகும். அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய என்ற பொருளில் ஹிஸ், ஹெர், தேர் வந்துவிட்டால் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தே ஆக வேண்டும், டிசைட் அங்கே நிற்காது, டிசிஷன்தான் என்று சொல்லிக்கொடுங்கள்.

பிடோக் தாத்தா:
டீச்சர் சொன்னது நல்ல வழி, நானும் பேத்திக்கு அப்படித்தான் சொல்லித் தருகிறேன். ஆனால் ஓரிடத்தில் அது காலை வாரும், இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். தமிழில் 'அவள் அழகாக இருக்கிறாள்', 'சூப் சூடாக இருக்கிறது' என்கிறோம். '-ஆக' வருகிறதே என்று 'ஷி லுக்ஸ் பியூட்டிஃபுல்லி' என்று எழுதினால் தப்பு. லுக், ஃபீல், டேஸ்ட், ஸ்மெல், சீம், பிகம், அப்புறம் இஸ், வாஸ் எல்லாம் இப்படி வரும்போது ஒரு செயலைச் சொல்வதில்லை, ஆள் அல்லது பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்கின்றன, அதனால் பின்னால் பெயரடைதான் வரும். அந்த வினையை எடுத்துவிட்டு இஸ் அல்லது வாஸ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாக்கியம் நின்றால் பெயரடை. 'த சூப் டேஸ்ட்ஸ் ஹாட்', 'த சூப் இஸ் ஹாட்', சரியாக நிற்கிறது. 'ஷி லுக்ட் ஆங்க்ரிலி அட் ஹிம்' என்பதில் வாஸ் போட்டால் நிற்காது, அங்கே அவள் நிஜமாகவே பார்க்கிறாள், ஆகவே வினையடை.

இன்னொன்று. நம் வீடுகளில் 'ஆஃப் த லைட்' என்கிறோம், பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். தேர்வுத்தாளில் ஆஃப் தனியாக வினைச்சொல் ஆகாது, சுவிட்ச் ஆஃப் என்றே எழுத வேண்டும்.

உட்லண்ட்ஸ் அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 'பிடிவாதமான மறுப்பு' என்று கேட்டதும் அவனே ரெஃப்யூசல் என்று சொல்லிவிட்டான்! அப்படியே அட்வைஸ் பற்றியும் சொல்லுங்கள், சி எங்கே, எஸ் எங்கே? ஹார்ட், ஹார்ட்லி இரண்டையும்கூட மாற்றி மாற்றி எழுதுகிறான்.

செங்காங் தமிழாசிரியை:
சி போட்டால் பெயர்ச்சொல், எஸ் போட்டால் வினைச்சொல். இங்கே சிங்கப்பூரில் பிரிட்டிஷ் எழுத்துமுறை என்பதால் பிராக்டிஸுக்கும் அதே கணக்கு. அட்வைஸில் உச்சரிப்பே மாறும், சத்தமாகச் சொல்லவைத்தால் காது பிடித்துக்கொள்ளும். பிராக்டிஸில் அந்த வசதி இல்லை, ஹிஸ், த, அ முன்னால் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஹார்ட் வேறு, ஹார்ட்லி வேறு. 'ஹி வொர்க்ட் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைத்தான், 'ஹி ஹார்ட்லி வொர்க்ட்' என்றால் வேலையே பார்க்கவில்லை என்கிற மாதிரி. லேட், லேட்லியும் அப்படித்தான், லேட் தாமதம், லேட்லி அண்மைக்காலமாக. இந்த இரண்டு ஜோடியையும் வாக்கியத்தோடு எழுதிப் படிப்பு மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.