கடையை மூடியாச்சு, லாக்-இன் இன்னும் 10 மாதம் இருக்கு. வாடகை கட்டியே ஆகணுமா?

கேள்வி:
வணக்கம். 5 வருடக் குத்தகை, முதல் 36 மாதம் லாக்-இன் (இடையில் விட்டுப்போக முடியாத காலம்). 26 மாதம் முடிந்த நிலையில் வியாபாரத்தை நிறுத்திவிட்டோம். குத்தகை கம்பெனி பெயரில். கம்பெனி கட்டாவிட்டால் நானே கட்டுவதாகத் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். 6 மாத வாடகை அட்வான்ஸாக ஓனரிடம் இருக்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டால் அன்றோடு வாடகை நின்றுவிடுமா?

பதில் 1:
நிற்காது சார். ஓனர் சாவியை வாங்கிக்கொண்டாலும், "இடத்தைப் பாதுகாக்கத்தான் வாங்கினேன், குத்தகை அப்படியே இருக்கு" என்று பின்னால் சொல்ல முடியும். இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்படைப்புப் பத்திரம் வேண்டும். வாடகை எந்தத் தேதியோடு நிற்கிறது, அட்வான்ஸில் எவ்வளவு கழிகிறது, மீதி எப்போது திரும்பும், இனி யாருக்கும் யார்மீதும் கோரிக்கை இல்லை என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்கணும்.

மேலோட்டமான கணக்கு: பாக்கி 10 மாதம், அட்வான்ஸ் போக 4 மாதம், அதன்மேல் பராமரிப்புக் கட்டணம். ஆனால் அட்வான்ஸை வாடகையில் கழிக்கக் கூடாது என்று ஷரத்து இருந்தால், நீங்களாக நிறுத்தும் வாடகை பாக்கியாகி வட்டி ஏறும். நோட்டீஸ் காலம் (காலி செய்வதாக முன்கூட்டியே தெரிவிக்க வேண்டிய காலம்) லாக்-இன்னுக்குள்ளேயே ஓடுமா, முடிந்த பிறகுதான் தொடங்குமா என்றும் பாருங்கள். பிறகுதான் என்றால், உதாரணமாக 3 மாத நோட்டீஸ் சேர்ந்து 10 என்பது 13 ஆகிவிடும்.

பேரம் பேசும்போது உங்கள் நஷ்டத்தைச் சொல்லிப் பயனில்லை, ஓனரின் நஷ்டத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். புது ஆள் வர 2 மாதம், அவர் உள்வேலை செய்ய வாடகையில்லாமல் விடுவது 1 மாதம், புரோக்கர் கமிஷன் 1 மாதம் என்றால் மொத்தம் 4. கையோடு ஒரு வாடகைதாரரையும் கூட்டிப்போனால் அது இன்னும் குறையும். காலி இடத்துக்கு ஆள் தேட ஓனர் நியாயமாக முயற்சி செய்யணும் என்று சில நாட்டுச் சட்டம் சொல்கிறது, சிலவற்றில் அந்தக் கடமையே இல்லை. வக்கீலிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

பதில் 2:
உத்தரவாதம்தான் இதில் ஆபத்தான பகுதி. கம்பெனியைக் கலைத்தாலும் அது பொதுவாகத் தானாக ஒழியாது, ஓனர் நேராக உங்களிடம் வருவார். ஒப்படைப்புப் பத்திரத்தில் கம்பெனி மட்டும் விடுவிக்கப்பட்டால் போதாது, உத்தரவாதம் கொடுத்தவர் என்று உங்கள் பெயரையும் தனியாக எழுதி விடுவிக்கணும். உத்தரவாதத்துக்குத் தொகை வரம்போ கால வரம்போ இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி. உள்வாடகைக்கு ஒருவர் கேட்கிறார். விடலாமா?

பதில் 2:
ஓனரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விட்டால் அதுவே ஒப்பந்த மீறல். சம்மதம் கிடைத்தாலும் உள்வாடகையில் நீங்கள்தான் தொடர்ந்து குத்தகைதாரர், அவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்டணும். குத்தகையையே அவர் பெயருக்கு மாற்றுவது மேல், அதிலும் மாற்றத் தேதிக்குப் பிறகான பொறுப்பிலிருந்து உங்களை விடுவிப்பதாக ஓனர் எழுதித் தரணும். அதைவிடச் சுத்தமானது, உங்கள் குத்தகையை ரத்து செய்துவிட்டு அவரோடு ஓனர் புதிதாக ஒப்பந்தம் போடுவது.

பதில் 3:
இடத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. "பழைய நிலைக்குத் திருப்பணும்" என்ற ஷரத்து இருந்தால் தடுப்புச் சுவர், ஃபால்ஸ் சீலிங், போர்டு ஃப்ரேம், ஏசி குழாய் போட்ட துளை எல்லாம் உங்கள் செலவு. அட்வான்ஸ் கரைவது பெரும்பாலும் இதில்தான். பிரிப்பதற்கு முன்பே ஓனரோடு சுற்றிப் பார்த்து, எதை விட்டுப்போகலாம் என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்து வருபவருக்கு சீலிங்கும் வயரிங்கும் உதவும் என்றால் பல ஓனர்கள் அப்படியே விடச் சொல்வார்கள்.

கரண்டை முன்கூட்டியே துண்டிக்காதீர்கள், பிரிக்கும் வேலைக்கும் இறுதிப் பார்வைக்கும் வெளிச்சம் வேண்டும். ஒப்படைக்கும் அன்று மீட்டரைப் படம் எடுத்துக் கணக்கை மூடுங்கள். காப்பீட்டை அதுவரை நிறுத்த வேண்டாம். பூட்டிக்கிடக்கும் இடத்துக்கு 30 அல்லது 60 நாளுக்குப் பின் பல பாலிசிகள் பாதுகாப்பைக் குறைத்துவிடும், காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்பே தெரிவியுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் நோட்டீஸ் அனுப்பும் முகவரி அந்தக் கடையாகவே இருந்தால், வீட்டு முகவரிக்கு மாற்றி ஓனருக்கு, சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் தபாலில் எழுதிப் போடுங்கள். பூட்டிய கடைக்கு வரும் வக்கீல் நோட்டீஸ் உங்கள் கண்ணில் படாமலே "கிடைத்தது" என்று ஆகி, பதில் சொல்லும் கெடுவும் முடிந்துபோகும்.