அப்டேட்: ரிசல்ட் வந்துடுச்சு

காண்டம் போட்டுத்தான் இருந்தோம், கிழியவும் இல்ல, ஆனாலும் ஹெச்ஐவி வந்துடுமோன்னு பயந்து போய் எழுதிருந்தேன்ல, அதோட அப்டேட் இது. ஆன்டிஜென் (வைரஸோட துணுக்கு), ஆன்டிபாடி (அத எதுக்க உடம்பு உண்டாக்குறது) ரெண்டையும் பாக்குற நாலாவது தலைமுறை ரத்த டெஸ்ட்ட 45 நாள் தாண்டினப்புறம் லேப்ல எடுத்தேன், நெகட்டிவ். கவர பிரிக்கும்போது கை நடுங்கி ஓரமே கிழிஞ்சு போச்சு, கண்ணு பாசிட்டிவ்ங்கற வார்த்தையத்தான் தேடுது. டாக்டர் திட்டல, எச்சில்ல இது பரவாது, காண்டம் ஒழுங்கா இருந்துச்சுன்னா ஹெச்ஐவி தொத்தாம தடுக்க உறவுக்கு அப்புறம் போடுற பெப் மாத்திரை கூட தேவையில்ல, அந்த மாத்திரையே 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்க வேண்டியதுன்னாரு. அப்ப நான் ஹெச்ஐவி அறிகுறின்னு பயந்த அந்த தொண்டை வலி? வெறும் சளியாம். (நெட்ல அறிகுறி தேடுறத நிறுத்துனதும் பாதி வலி போயிடுச்சு!) உறவு மூலமா பரவுற மத்த நோயான சிஃபிலிஸ், கொனோரியாவும் சேத்தே பாத்தாச்சு, இல்ல. இன்னொரு டெஸ்ட் எடுக்கலாமான்னு மனசு அரிக்குது, டாக்டர் வேணாம்னுட்டாரு, நானும் எடுக்கல.