குரோமோசோம் குறைபாடுகள்: உலகக் கணக்கை எப்படிப் போடுவது?

வணக்கம். பிறக்கும் குழந்தைகளில் எத்தனை பேருக்குக் குரோமோசோம் குறைபாடு இருக்கிறது என்று உலக அளவில் ஒரு மதிப்பீடு போட்டுப் பார்க்கிறேன். பாதி வழியில் மாட்டிக்கொண்டேன்.

டவுன் நோய்க்குறிக்கு (21ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது) ஓரளவு பிடி கிடைக்கிறது. தாயின் வயதை வைத்தே கணக்கிடலாம்: இருபதுகளின் தொடக்கத்தில் சுமார் 1,500 பிரசவங்களுக்கு ஒன்று, 35 வயதில் 350க்கு ஒன்று, 40இல் 100க்கு ஒன்று. எந்த வயதுத் தாய்மாருக்கு எத்தனை பிரசவம் என்ற புள்ளிவிவரத்தோடு இதைப் பெருக்கினால் போதும். ஆனால் இப்படி வருவது, கருவிலேயே கண்டறிந்து கலைப்பது இல்லாவிட்டால் வரக்கூடிய எண். ஐரோப்பாவில் பிறவிக் குறைபாடுகளைப் பதியும் யூரோகேட் பதிவேடு உயிருடன் பிறந்தவை, இறந்து பிறந்தவை, கலைக்கப்பட்டவை என்று பிரித்துத் தருவதால் அங்கே கழித்துக்கொள்ளலாம். பதிவேடே இல்லாத நாடுகளுக்கு என்ன செய்வீர்கள்?

அடுத்தது கிளைன்ஃபெல்டர், அதாவது ஆணுக்கு ஒரு X குரோமோசோம் கூடுதலாக இருப்பது. ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய 600க்கு ஒன்று. பலருக்கு, வளர்ந்தபின் குழந்தையில்லை என்று மருத்துவரிடம் போகும்போதுதான் தெரியவருகிறது. சிலருக்குக் கடைசிவரை தெரிவதே இல்லை. ஆகவே மருத்துவமனைப் பதிவுகளை நம்பிப் பயனில்லை. பிறந்த குழந்தைகளை வரிசையாகப் பரிசோதித்த பழைய ஆய்வுகளின் விகிதத்தை எல்லா நாடுகளுக்கும் அப்படியே போட்டுவிடலாமா? டர்னருக்கு (பெண்ணுக்கு ஒரு X குரோமோசோம் இல்லாமலோ குறைபட்டோ இருப்பது) தாயின் வயது கூடுவதால் வாய்ப்பு கூடுவதில்லை என்பதால் அங்கே எனக்குத் தயக்கம் குறைவு.

அப்புறம், உடலின் சில செல்களில் மட்டும் குறைபாடு இருக்கும் மொசைக் வகைகளைச் சேர்ப்பதா, விடுவதா? இந்த மாதிரி கணக்குப் போட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள். எக்செல் கோப்பு வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.