கலைச்சொல்: குச்சிக் கணப்பின் ‘ஆட்டோ’, ‘மேனுவல்’ நிலைகளுக்குத் தமிழ்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை எரித்து அறையைச் சூடாக்கும் கருவிக்குக் (pellet stove) கலைச்சொற்கள் தேடும் இந்த உரையாடல் இழையில் மூன்று சொற்கள் முடிவாகிவிட்டன என்று எடுத்துக்கொள்கிறேன். பால்பண்ணைக்காரர்கள் ‘குச்சித் தீவனம்’ என்று சொல்வதை ஒட்டி, மரத்தூளை அழுத்திச் செய்த, 6 மில்லிமீட்டர் பருமனுள்ள எரிபொருளுக்கு ‘மரத்தூள் குச்சி’. அது எரியும் சிறு இரும்புக் கிண்ணத்துக்கு ‘எரிகிண்ணம்’. அடுப்பு என்றதும் சமையலே நினைவுக்கு வருவதால் கருவி முழுமைக்கும் ‘கணப்பு’. (நெடுநல்வாடை பாடும் ‘பகுவாய்த் தடவு’ இதே பயனுள்ள பொருள்தான். ஆயினும் ‘தடவு’ இன்று வினைச்சொல்லாகவே காதில் விழுமாதலால் அதை நான் வற்புறுத்தவில்லை.) எஞ்சியிருப்பவை, கணப்பின் ஆளியின் (சுவிட்சின்) இரு பக்கங்களிலும் எழுதியிருக்கும் ‘ஆட்டோ’, ‘மேனுவல்’ ஆகிய இரண்டும். இவற்றைத் ‘தானியங்கி’, ‘கைமுறை’ என்று பெயர்த்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்பதே பெரும்பாலோர் கருத்து. அதை நான் மறுக்கிறேன். காரணத்தை எங்கள் வீட்டில் நடந்ததிலிருந்தே சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் வடபகுதியில், சட்பரி நகருக்கு அருகில். பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்காக ஆளியின் பக்கத்தில் ‘தானியங்கி’, ‘கைமுறை’ என்று எழுதி ஒட்டியிருந்தேன். ஒருநாள் கணப்பு அணைந்திருக்கக் கண்டு, அவர் ஆளியைக் ‘கைமுறை’ப் பக்கம் திருப்பித் தொடக்கப் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். நெருப்பு வரவில்லை, குச்சிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. மாலையில் நான் வந்து கதவைத் திறந்தபோது எரிகிண்ணம் விளிம்பு வழியக் குவிந்து, உதிர்ந்த குச்சிகள் சாம்பல் தட்டிலும் கிடந்தன. “கையாலே அமத்திறதுதானே கைமுறை, நான் கையாலேதான் அமத்தினனான்” என்றார். அந்தச் சொல்லை அவர் பிழையாகப் படிக்கவில்லை. நான்தான் பிழையான சொல்லை ஒட்டியிருந்தேன். அந்தக் குவியலோடு யாராவது ஆளியை மறுபக்கம் திருப்பியிருந்தால், பற்றாத குச்சிகள் முதலில் புகையைக் கக்கி, உள்ளே நிறைந்த அந்த வாயு சட்டென்று தீப்பிடித்திருக்கக்கூடும். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது சிறிய விபத்து அன்று.

எங்கள் வீட்டு வகையில் இரு நிலைகளும் உண்மையில் என்ன செய்கின்றன என்று பாருங்கள். ‘ஆட்டோ’வில் புகைபோக்கி விசிறி முதலில் சுழலும்; திருகுதண்டு கொஞ்சம் குச்சிகளைத் தள்ளும்; எரிகிண்ணத்தின் பின்னாலுள்ள மின்சூட்டுக் கோல் செந்தணலாகிச் சில நிமிடங்களில் அவற்றைப் பற்றவைக்கும். அறை போதிய அளவு சூடானதும் நெருப்பு அணையும், குளிர்ந்ததும் கருவியே மீண்டும் மூட்டும். ‘மேனுவ’லிலோ அந்தக் கோலுக்கு மின்சாரமே போகாது. ஒரு கைப்பிடியளவு மரத்தூள் குச்சிகளைக் கிண்ணத்தில் இட்டு, பற்றவைக்கும் களிம்பைப் பூசி, நெருப்புக்குச்சியால் நாமே மூட்டிக் கதவைச் சாத்த வேண்டும். (தணல் உள்ள கிண்ணத்தில் களிம்பை ஒருபோதும் இடலாகாது.) அதன்பின் அறை சூடானாலும் நெருப்பு அணைவதில்லை, மறுபடி மூட்ட ஆளில்லையாதலால், மிகக் குறைந்த அளவில் குச்சியை ஊட்டி அதை உயிரோடு வைத்திருக்கும். வேறு சில வகைகளில் ‘மேனுவல்’ என்றால் வெப்ப அளவைப் பொத்தானால் தெரிவு செய்வது என்று மட்டுமே பொருள். பற்றவைப்பைக் கருவியே செய்துகொள்ளும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது பொருளில் இரண்டாக இருக்கும்போது நாம் சொல்லைப் பெயர்ப்பதா, பொருளைப் பெயர்ப்பதா?

‘கைமுறை’யில் இன்னொரு மயக்கமும் உண்டு. மின்சாரம் போனாலும் இந்த நிலையில் கணப்பு எரியும் என்று நம்பத் தோன்றுகிறது. விசிறியும் திருகுதண்டும் மின்சாரத்தில் ஓடுவதால் அது எரியாது. பனிப்புயல் இரவில் இந்தத் தவறான நம்பிக்கையோடு ஒருவர் உட்கார்ந்திருக்கக்கூடாது.

நண்பர் ஒருவர் ‘தன்மூட்டு, கைமூட்டு’ என்றார். ஓசை இனிது. ஆனால் ‘கைமூட்டு’ என்றதும் வலிக்கிற மூட்டுத்தான் நினைவுக்கு வரும். ‘எரியூட்டல்’ சுடுகாட்டுக்கு உரியதாகிவிட்டது. ‘தானே பற்றல்’ என்பதையும் ஏற்க முடியாது. பற்றுதல் தன்வினை, எரிபொருள் வெளிச்சுடர் எதுவுமின்றிச் சூட்டினாலேயே தீப்பிடிக்கும் நிகழ்வுக்கு வேதியியலில் அந்தச் சொல் நமக்கு வேண்டும். இங்கே கோல் என்ற கருவி பற்றவைக்கிறது, ஆகவே பிறவினைதான் பொருந்தும்.

எனவே செயலுக்கு ஒரு சொல்லிணையும் நிலைக்கு வேறொரு சொல்லிணையும் முன்வைக்கிறேன். செயல்: ‘கோல் பற்றவைப்பு’, ‘கைப் பற்றவைப்பு’. நிலை: ஆட்டோவுக்கு ‘அணைந்தெரி நிலை’, மேனுவலுக்கு ‘நின்றெரி நிலை’. புளிய விறகு நின்று எரியும் என்று நம் வீடுகளில் சொல்வதுதான் ‘நின்றெரி’. ‘அணைந்தெரி’க்கு முதலில் ‘விட்டெரி’ என்றே எழுதினேன், அது ‘விட்டெறி’ என்று கேட்பதால் விலக்கிவிட்டேன்.

மறுமொழி (கோவையிலிருந்து):

ஐயா, நின்றெரி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கையேட்டில் பழுது பார்க்கும் பகுதிதான் அதிகம் படிக்கப்படும். ‘கோல் பழுதானால் ஆளியை நின்றெரி நிலைக்கு மாற்றுக’ என்று எழுதினால், மாற்றியதும் எரிந்துவிடும் என்று அம்மா மறுபடியும் எண்ணமாட்டார்களா? மேலும், ஆளியில் அச்சாகியிருப்பது ஆங்கிலமாயிற்றே. இரண்டையும் எப்படிப் பொருத்துவார்கள்?

மறுமொழி:

நண்பரே, சரியான இடத்தில் பிடித்தீர்கள். நெருப்பு ஏற்கெனவே இருக்கிறது என்ற பொருளை ‘நின்றெரி’ தருகிறது. அதை யார் மூட்டுவது என்று சொல்லவில்லை. ஆகவே பழுதுப் பகுதியில் நிலைப்பெயர் தனியாக வராமல், செயற்பெயரோடு சேர்ந்தே வரும்படி எழுதுகிறேன்:

‘கோல் சூடாகவில்லையெனில் முதலில் கருவியை அணைத்து, ஆறவிட்டு, மின்செருகியைக் கழற்றுக. எரிகிண்ணத்தைச் சுரண்டிக் காற்றுத் துளைகளில் அடைத்த சாம்பலை நீக்கி, கிண்ணம் ஆடாமல் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க. ஈரம் ஏறிய குச்சி பற்றாது. குச்சியின் நுனி உப்பி உதிர்ந்தால் அந்த மூட்டையை விலக்குக. பின்பு மின்செருகியை மாட்டி இயக்கிப் பார்த்தும் பற்றாவிட்டால், மறுபடி அணைத்து, ஆறவிட்டு, மின்செருகியைக் கழற்றியபின், கோலின் இரு கம்பிகளையும் கழற்றி அவற்றுக்கிடையே தடையை அளக்க. 120 வோல்ட்டில் 300 வாட் எடுக்கும் நல்ல கோல் ஏறத்தாழ 48 ஓம் காட்டும். அளவே காட்டாவிட்டால் உள்ளிழை அறுந்துவிட்டது. புதிய கோல் வரும்வரை ஆளியை நின்றெரி நிலைக்கு மாற்றி, கைப் பற்றவைப்புச் செய்க. நீங்கள் மூட்டாமல் நெருப்பு வராது.’

கடைசி வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் இடுவேன். ஆளியைப் பொறுத்தவரை, ‘ஆட்டோ’, ‘மேனுவல்’ என்பவற்றைத் தமிழ் எழுத்தில் முதலிலும் நம் சொல்லை அதன் கீழும் வைத்து ஒட்டலாம். எங்கள் வீட்டில் நேற்றே மாற்றி ஒட்டிவிட்டேன். அம்மா படித்துப் பார்த்து, “அப்ப நான்தான் கொளுத்தவேணும்” என்றார்.