கலைச்சொல் தேவை: டெப்த் ஆஃப் ஃபீல்டு

அனுப்பியவர்: திருநகர் ஆசிரியை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் எங்கள் பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒளிப்படப் பயிற்சி நடத்தவிருக்கிறோம். அதற்கான கையேடு வரும் வெள்ளிக்கிழமைக்குள் சிம்மக்கல்லில் உள்ள அச்சகத்துக்குப் போயாக வேண்டும். லென்ஸ், ஷட்டர் ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டேன். குவியத்தொலைவு பாடநூலிலேயே இருக்கிறது. அப்பர்ச்சரைத் துளை என்று எழுதியிருக்கிறேன். டெப்த் ஆஃப் ஃபீல்டு என்பதில்தான் நின்றுகொண்டிருக்கிறேன். கேமராவிலிருந்து எவ்வளவு தொலைவு தொடங்கி எவ்வளவு தொலைவு வரை உள்ள பொருள்கள் படத்தில் தெளிவாக விழுகின்றனவோ, அந்தப் பகுதிக்கு ஒரு பெயர் வேண்டும்.

பயிற்சி முழுவதும் வீட்டிலேயே செய்யக்கூடியது. அப்பத்தா திண்ணையில் அமர்ந்து பூக் கட்டும்போது அவர் கண்ணில் குவியம் வைத்து, எஃப் 1.8 என்ற அகன்ற துளையில் ஒருமுறையும் எஃப் 8 என்ற குறுகிய துளையில் ஒருமுறையும் எடுத்து, அவருடைய கண், காது, பின்னாலுள்ள நிலைக்கதவு ஆகியவற்றுள் எவையெவை தெளிவாக இருக்கின்றன என்று மாணவர் ஒப்பிட்டு எழுத வேண்டும். இப்போதைக்குப் ‘புல ஆழம்’ என்று போட்டிருக்கிறேன். வகுப்பில் சொல்லிப் பார்த்தபோது, ஒரு மாணவி புல் எவ்வளவு ஆழமாக வேர்விடும் என்பதைப் பற்றிய பாடமா என்று கேட்டாள்.

*

அனுப்பியவர்: அனுப்பானடிப் பொறியாளர்

புலத்தை விட்டுவிட்டுக் களத்தைப் பிடித்தால் போதும். கள ஆழம் எல்லாருக்கும் புரியும். ஒரே சொல்லாக வேண்டுமென்றால் களவாழம் என்று சேர்த்து எழுதலாம்.

*

அனுப்பியவர்: பசுமலைப் புலவர்

பொறியாளர் அவர்களின் வேகத்தைப் பாராட்டுகிறேன். புணர்ச்சியைப் பாராட்ட இயலவில்லை. களம் என்பதன் மகரம் கெட்டு, உடம்படுமெய் தோன்றிக் களவாழம் ஆவது சரியே. ஆனால் முற்றியலுகரமும் உயிர் வருமிடத்துச் சிலபோது கெடும் என்று நன்னூல் சொல்வதால், களவு என்பதனோடு ஆழம் சேர்ந்தாலும் களவாழம்தான் வரும். அறுபது நூற்பாக்களில் களவுக்கு இலக்கணம் சொன்ன இறையனாரின் ஊரில் இருந்துகொண்டு, பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துக் களவின் ஆழத்தை அளந்து வரச் சொல்வது நன்றாக இராது. புலத்துக்கோ வயல், திசை, பொறியறிவு என்று பல பொருள்கள் உள்ளன. அவற்றுள் எதுவும் இங்கே உதவாது.

என் பரிந்துரை ‘துலங்குவெளி’. துலங்கிய, துலங்குகின்ற, துலங்கும் வெளி என்று முக்காலமும் அடங்கிய வினைத்தொகை அது. குவியம் பட்டால் பொருள் துலங்கும். துலங்கும் இடம் துலங்குவெளி.

இதையொட்டி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆசிரியை அவர்கள் ஒளிப்படம் என்று எழுதியது எனக்கு மகிழ்ச்சி. ஆயினும் புகைப்படம் என்ற சொல்லை நாம் இவ்வளவு எளிதாகத் தள்ளியிருக்க வேண்டியதில்லை என்பது என் நெடுநாள் எண்ணம். 1839-இல் பாரிசில் அறிவிக்கப்பட்ட டாகேர் முறையில், ஒளிபட்ட வெள்ளித் தகட்டைப் பாதரச ஆவியில் காட்டித்தான் உருவத்தை வரவழைத்தார்கள். அந்த ஆவியைப் புகை என்று கண்டவர் யாரோ இட்ட பெயராக அது இருக்கலாம் அல்லவா?

*

அனுப்பியவர்: செல்லூர் ஸ்டுடியோக்காரர்

புலவர் ஐயாவுக்கு வணக்கம். பாதரச ஆவி நம்மூருக்கு வந்த வழியை அருள்கூர்ந்து வேறோர் இழையில் பேசிக்கொள்வோம். ஆசிரியை அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

துலங்குவெளி காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் பாத்திரத்தைத்தான் துலக்குவார்கள். தொழிலில் இருக்கும் நாங்கள் எல்லாரும் ‘டெப்த்து’ என்றே சொல்கிறோம். ‘டெப்த்து கம்மி, பின்வரிசை அவுட்டாகிவிடும்’ என்றால் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் விளங்கும். காதுகுத்து வீட்டில் இரண்டு வரிசையாகக் குடும்பத்தை நிறுத்தி, முன்வரிசையில் குவியம் வைத்து எஃப் 1.8-இல் எடுத்தால் பின்வரிசையில் நிற்கும் தாய்மாமன்களின் முகம் கலைந்துவிடும். சீர் செய்தவர் முகம் கலைந்தால் ஆல்பத்துக்குப் பணம் வராது. இந்தப் பாடத்தைக் கற்றுத்தர எங்களுக்குத் தனித்தமிழ் தேவைப்பட்டதில்லை.

மேலும், பின்னணி கலைந்து நிற்கும் அழகைக் குறிக்க ஆங்கிலத்தில் சொல்லில்லாமல் ஜப்பானியரிடமிருந்து ‘போக்கே’ என்பதை வாங்கிக்கொண்டார்கள். 1997-இல் ஓர் அமெரிக்க ஒளிப்பட இதழ் அதை எழுதிப் பரப்பியது. அவர்கள் வாங்கினால் வளர்ச்சி, நாம் வாங்கினால் தாழ்ச்சியா?

*

அனுப்பியவர்: பசுமலைப் புலவர்

இல்லாத சொல்லை வாங்குவது வேறு, இருக்கும் சொல்லைத் தேடச் சோம்பி வாங்குவது வேறு. அந்த இழையை நான் தொடங்கத்தான் போகிறேன்.

*

அனுப்பியவர்: மேலூர் இயற்பியல் ஆசிரியர்

சொல்லைத் தேடுமுன் பொருளின் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள உணரியும் (சென்சார்) 50 மி.மீ. லென்சும் இருக்கின்றன என்று கொள்வோம். எஃப் 1.8-இல் ஒரு மீட்டர் தொலைவில் உள்ள அப்பத்தாவின் கண்ணில் குவியம் வைத்தால், தெளிவாக விழும் பகுதி ஏறத்தாழ 4 செ.மீ. மட்டுமே; கண் தெளிவாக இருக்கும்போது காது கலைவது அதனால்தான். இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் அது ஏறத்தாழ 17 செ.மீ. ஆகிறது. தொலைவு இரட்டித்தால் இது நான்கு மடங்காகிறது என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள். கைப்பேசி லென்சின் குவியத்தொலைவு சில மில்லிமீட்டரே என்பதால், அதில் எடுத்தால் அப்பத்தாவும் நிலைக்கதவும் பெரும்பாலும் ஒருசேரத் தெளிவாக விழும். போர்ட்ரெய்ட் முறையில் பின்னணி கலைவது லென்சால் அன்று, கணக்கீட்டால். கைப்பேசியை வைத்தே பயிலப்போகும் மாணவர்களுக்குக் கையேடு இதைச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் துளையைப் பற்றிய பாடமே பொய்யென்று நினைத்துவிடுவார்கள்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். சிலர் தனிமடலில் ‘தெளிவெல்லை’ என்றார்கள். அதை ஏற்க முடியாது. அதே லென்சை எஃப் 8-இல் வைத்து மூன்று மீட்டரில் குவித்தால், தெளிவு ஏறத்தாழ 2.3 மீட்டரில் தொடங்கி 4.2 மீட்டரில் முடிகிறது. முன்னது அண்மை எல்லை, பின்னது சேய்மை எல்லை. எல்லை என்பது கோடு. நமக்கு வேண்டியது இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட பரப்பின் பெயர். குவியத்துக்கு முன்னால் 70 செ.மீ. கூட இல்லை, பின்னால் 1 மீட்டருக்கு மேல் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். இரு பக்கமும் சமமாக நீள்வது போன்ற எண்ணத்தைத் தரும் சொல்லும் கூடாது.

*

அனுப்பியவர்: திருமங்கலத்து மொழிபெயர்ப்பாளர்

மூன்று நாள்களாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். களமா புலமா என்று எல்லாரும் முதற்சொல்லோடு போராடுகிறீர்கள். எனக்கு இடறுவது ஆழம். தமிழில் ஆழம் கீழ்நோக்கியது. கிணறு ஆழம், கண்மாய் ஆழம், உழவு ஆழம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணையில் நின்று பார்த்தால் பட்டாசாலை, முற்றம், அடுப்படி எல்லாம் கடந்து கொல்லைக் கதவு வரை ஒரே நேராகத் தெரியும். அந்த வீட்டை யாராவது ஆழமான வீடு என்று சொல்லக் கேட்டிருக்கிறோமா? நீளமான வீடு என்றுதான் சொல்வோம். கேமரா பார்ப்பதும் அப்படித் திண்ணையிலிருந்து கொல்லைக்குத்தான். திருமலை நாயக்கர் மகாலில் தூண் வரிசையை நேராக நின்று எடுக்கும் மாணவன், எத்தனையாவது தூண் வரை தெளிவு நீள்கிறது என்றுதான் எண்ணுவான். எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்று எண்ணமாட்டான்.

ஆகவே ‘தெளிவு நீளம்’ என்று எளிமையாகச் சொல்லலாம். குறைந்த தெளிவு நீளம், கூடிய தெளிவு நீளம் என்று அடைமொழியும் இயல்பாக அமையும். அலைநீளம் ஏற்கெனவே பாடநூலில் இருப்பதால் நீளம் அறிவியலுக்குப் புதிதன்று.

*

அனுப்பியவர்: பசுமலைப் புலவர்

அம்மையாரின் ஆழ ஆராய்ச்சியை ஏற்கிறேன். நம் மாணவர் வாயில் அது ‘ஆளம்’ ஆகிவிடும் என்பது கூடுதல் காரணம். தெளிவும் நல்ல சொல்லே. தெளிதல் முதலில் நீருக்குரியது. அதன் எதிர்ச்சொல் கலங்கல். அப்படியானால் செல்லூரார் ஜப்பானுக்குப் போய் வாங்கி வந்த போக்கேவைக் கலங்கல் என்றே சொல்லலாமே! மங்கல் என்றால் ஒளி குறைந்ததாகப் பொருள்படும். பின்னணியில் ஒளி குறைவதில்லை, உருவம்தான் கலங்குகிறது.

ஆனால் நீளத்தை ஏற்கமாட்டேன். அது அளவைப் பெயர், இடத்தின் பெயரன்று. மேலூரார் கேட்டது இடைப்பட்ட பரப்பின் பெயரை. வெளி என்பதே அதற்கு ஏற்றது. துலங்கு பிடிக்கவில்லையென்றால் தெளிவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*

அனுப்பியவர்: அனுப்பானடிப் பொறியாளர்

தெளிவெளி, தெளிவொளி, தெளிவழி. கைப்பேசியில் தட்டச்சு செய்யும்போது இவற்றுள் எது வந்து விழும் என்று சொல்ல முடியாது. என் வாக்கு தெளிவு நீளத்துக்கு. களவாழத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

*

அனுப்பியவர்: திருநகர் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டார். தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவு நீளத்துக்கே ஆதரவு கூடுதலாக இருக்கிறது; ஆதரித்தவர்களுள் பாதிப்பேர் களைப்பினால் ஆதரித்தது போலவும் தெரிகிறது. கையேட்டில் முதலில் வரும் இடத்தில் ‘தெளிவு நீளம், ஸ்டுடியோக்களில் டெப்த்து’ என்று எழுதி, பிறகு தெளிவு நீளம் என்றே கொண்டுசெல்கிறேன். கலங்கலை எடுத்துக்கொள்கிறேன், புலவர் ஐயா. ஆனால் பின்னணிக் கலங்கல் என்று முழுமையாகவே எழுதுவேன். ‘அப்பத்தா படம் கலங்கல்’ என்று மாணவன் வீட்டில் சொன்னால் கிழவி அழுதுகொண்டிருந்ததாகப் பொருளாகிவிடும்.

*

அனுப்பியவர்: செல்லூர் ஸ்டுடியோக்காரர்

டெப்த்துக்கு ஓர் இடம் கிடைத்ததே, அது போதும். பயிற்சி நாளில் என்னிடமுள்ள 50 மி.மீ. லென்சைக் கொண்டுவந்து தருகிறேன். அதை எப்படி அழைப்பது என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும்.

*

அனுப்பியவர்: மேலூர் இயற்பியல் ஆசிரியர்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், என் மறுப்பு மட்டும் பதிவாகட்டும். கண்டிப்பாகப் பார்த்தால் குவியம் பட்ட ஒரே தளம்தான் தெளிவு. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை, நம் கண்ணுக்குப் பிரித்தறிய முடியாத அளவு கலைந்திருப்பதால் தெளிவாகத் தோன்றுகின்றன. அதே படத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்தால் காது தெளிவாக இருக்கும். ஏ3 தாளில் அச்சிட்டுக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் இருக்காது. லென்சும் துளையும் தொலைவும் மாறாதபோதும் மாறும் ஒன்றை நீளம் என்று எப்படி அழைப்பது? ‘தோற்றத் தெளிவு நீளம்’ என்பதே பிழையற்றது. சொல் நீண்டுவிட்டது என்பீர்கள். அப்படியானால் அப்பத்தா படத்தைத் திரையில் ஒருமுறையும் பெரிய தாளில் ஒருமுறையும் பார்த்து ஒப்பிடும் ஒரு பயிற்சியையாவது, அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.