புதுப்பிப்பு: லிஃப்ட் செய்த வண்டியில் ஸ்டீயரிங் பேயாட்டம், காரணம் கிடைத்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: முன்பக்கம் சாலிட் ஆக்ஸில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு), 3 அங்குல லிஃப்ட் (வண்டியை அந்த அளவு உயர்த்தியது), 35 அங்குல டயர். ஹூஸ்டனில் ஐ-10 பாலத்து இணைப்பில் ஏறினால் 55 மைல் வேகத்தில் ஸ்டீயரிங் கையைப் பிய்க்கிற மாதிரி ஆடுகிறது, கிட்டத்தட்ட நின்றால்தான் அடங்குகிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் டயர் பேலன்ஸ்: பலன் இல்லை. புது டேம்பர் (ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) போட்டேன், இரண்டு வாரம் அமைதி, அப்புறம் பழைய கதை. டேம்பர் ஆட்டத்தை மறைக்கும், அவ்வளவுதான்.

தீர்த்தது, டிராக் பாரைப் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு பிடித்திருக்கும் கம்பி) பார்க்கச் சொன்ன யோசனை. சக்கரங்கள் தரையில் இருக்க, இன்ஜின் ஓட, மனைவி ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதாக ஆட்டினார். நான் கீழே படுத்துப் பார்த்தேன். அந்த பாரின் ஆக்ஸில் பக்க முனையில் "டக், டக்".

எதிர்பாராதது: போல்ட் இறுக்கமாகவே இருந்தது! கழற்றினால் சிவப்புத் துருப்பொடி. பிராக்கெட் துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. தடித்த தகடு வெல்டிங் செய்து, சரியான அளவில் துளையிட்டு, புது போல்ட் போட்டு, வண்டி தரையில் நிற்கும்போதே டார்க் ரெஞ்சால் இறுக்கினோம்.

அப்படியும் 65-இல் லேசான நடுக்கம். லிஃப்டால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, வண்டியை நேராக ஓட வைப்பது) 2.8 டிகிரிக்கு இறங்கியிருந்தது. நீளத்தை அட்ஜஸ்ட் செய்யும் கீழ் ஆர்ம் (ஆக்ஸிலைச் சேசிஸோடு இணைக்கும் கை) போட்டு 5-க்குக் கொண்டுவந்தோம்.

மூன்று வாரமாக அதே பாலம், ஆட்டமே இல்லை. சோதனைக்காகப் பழைய டேம்பரையே மாட்டியிருக்கிறேன். புதுசு கராஜில் சும்மா கிடக்கிறது.