பெட்டை ஆடுகளுக்கான ‘ஃப்ளஷிங்’: ‘ஊட்டமேற்றல்’ சரியாக வருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கிடா சேர்க்கும் சமயத்தில் பெட்டைச் செம்மறிகளுக்குத் தீவனத்தைக் கூட்டிக் கொடுக்கும் முறையை ஆங்கிலத்தில் ‘ஃப்ளஷிங்’ என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் ‘மிகையூட்டம்’, ‘பசுமையூட்டல்’ என்று இதுவரை வந்த சொற்களைப் படித்தேன். அவற்றுக்கு வருமுன், முதல் மடலில் வந்த கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

> சிங்கப்பூரில் செம்மறி மந்தையே கிடையாது. இந்தச் சொல் நமக்கு எதற்கு?

ஐயா, மந்தை இங்கே இல்லைதான். ஆனால் ஆட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போனால் சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரத்துத் தம்பிகளைப் பார்க்கலாம். இங்கே உழைத்த காசில் ஊரில் ஆடு வாங்கி விட்டிருப்பார்கள். அம்மாவிடம் தொலைபேசியில் “எத்தனை சினை? எத்தனை குட்டி?” என்று விசாரிப்பார்கள். நாம் ஆக்கும் சொல் அந்தப் பேச்சில் இயல்பாக வரவேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), பெருவிரைவு ரயில் (எம்ஆர்டி) எல்லாம் இந்த ஊரில் நாள்தோறும் புழங்கும் சொற்கள்தானே. ஆட்டுக்கும் ஒன்று ஆக்க முடியும்.

இந்த முறையில் நடப்பது இதுதான். கிடா சேர்ப்பதற்கு 2 முதல் 3 வாரம் முன்பே தீவனத்தின் சத்தை, குறிப்பாக எரிசக்தியை, உயர்த்துகிறார்கள். சேர்த்த பிறகும் 2, 3 வாரம் தொடர்கிறார்கள். செம்மறியின் பருவச் சுழற்சி ஏறத்தாழ 17 நாள் என்பதால் இந்தக் கணக்கு. உடம்பில் குளுக்கோஸும் இன்சுலினும் கூடும்போது சூலகத்தில் கருமுட்டையைத் தாங்கி வளரும் நுண்பைகளில் கூடுதலானவை தப்பிப் பிழைத்து முதிர்கின்றன. அதனால் ஒரு பருவத்தில் வெளிப்படும் கருமுட்டைகளின் எண்ணிக்கை உயர வாய்ப்பு உண்டு. மேலைநாட்டுப் பெரிய ஆடுகளுக்கு நாளொன்றுக்கு 250 முதல் 500 கிராம் தானியம் என்பார்கள். நம் ஊர் ஆடுகளின் உடம்பு சிறியது, அளவும் அதற்கேற்பக் குறையும். தானியத்தை ஒரேநாளில் கொட்டிவிடக் கூடாது. சிறுகச் சிறுகப் பழக்காவிட்டால் வயிற்றில் அமிலம் மிஞ்சி ஆடு படுத்துவிடும்.

எல்லா ஆட்டுக்கும் இது ஒரே மாதிரி பலன் தராது என்பதுதான் நம் சொல்லைத் தீர்மானிக்கவேண்டிய விஷயம். உடல்நிலையை 1 முதல் 5 வரை மதிப்பிடும் முறையில் 2, 2.5 என்று சற்று மெலிந்திருக்கும் ஆடுகள்தான் நன்றாகப் பலன் காட்டும். ஏற்கெனவே கொழுத்த ஆட்டுக்கு மேலும் கொடுப்பது வீண். சினை பிடித்தபின் அளவு மீறிக் கொடுத்தால் சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் குறைந்து கரு தங்காமலும் போகலாம்.

அதனால் ‘மிகையூட்டம்’ எனக்குச் சம்மதமில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு ஒருவர் அள்ளிப் போட்டால் ஆட்டுக்குத்தான் கேடு.

‘பசுமையூட்டல்’ காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் பசும்புல் ஒரு வழி மட்டுமே. ஆஸ்திரேலியாவில் லூப்பின் என்ற பயறுவகைப் பருப்பைக் கொடுத்து இதே பலனை எடுக்கிறார்கள். மேலும் பசுமையாக இருப்பதெல்லாம் நல்லதும் அல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1940களில் குளோவர் என்ற தீவனப் பயிரில் ஒரு வகையை மேய்ந்த செம்மறிகள் சினை பிடிக்காமல் போயின. அதிலிருந்த, ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோனைப் போன்ற பொருளே காரணம். சேர்க்கைக்கு முன் அந்த மேய்ச்சலை விலக்கச் சொல்லும் நூலில் ‘பசுமையூட்டல்’ என்று எப்படி எழுதுவது?

‘சினையூட்டம்’ என்று இழையில் ஓர் அக்கா சொன்னதை நான் விரும்பினேன். சுருக்கமான சொல். ஆனால் சினை ஆட்டுக்குக் கொடுக்கும் தீவனம் என்றுதான் யாருக்கும் படும். செம்மறியின் சினைக்காலம் ஐந்து மாதம். அதன் கடைசி ஆறு வாரத்தில் தீவனத்தைக் கூட்டுவது தனி வேலை. இரண்டையும் குழப்பினால் குட்டி ஈனும் நேரத்தில் செய்யவேண்டியதை ஒருவர் கிடா சேர்க்கும்போது செய்வார். ‘சினைமுன் ஊட்டம்’ அந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது, ஆனால் சேர்த்த பிறகும் தொடரும் வாரங்களை விட்டுவிடுகிறது.

‘ஏற்ற ஊட்டம்’ நல்ல திசையில் போகிறது. இந்த முறையின் உயிரே ‘ஏற்றுவது’தான். ஆண்டு முழுக்க ஒரே அளவாகக் கொடுப்பதை யாரும் இந்தப் பெயரால் அழைப்பதில்லை. ஆனால் ‘ஏற்ற’ என்றால் ‘தகுந்த’ என்றும் பொருள். பாதிப் பேர் அப்படித்தான் படிப்பார்கள்.

ஆகவே வினையிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றுகிறது. சூடேற்று, மெருகேற்று என்பதுபோல ஊட்டமேற்று. பெயராக ‘ஊட்டமேற்றல்’. முழுப் பெயர் வேண்டிய இடத்தில் ‘சேர்கால ஊட்டமேற்றல்’. “கிடா சேர்க்க ரெண்டு வாரம் இருக்கு, மெலிஞ்ச ஆட்டுக்கெல்லாம் ஊட்டம் ஏத்தும்மா” என்று தம்பி அம்மாவிடம் சொல்ல முடியும். சத்துச் சேர்த்த அரிசிக்கு ‘செறிவூட்டல்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டதால் அங்கே மோதலும் இல்லை.

‘சேர்க்கைக்கால’ என்று வேண்டாம். பள்ளிச் சேர்க்கை நினைவுக்கு வரும்.

ஒரு சந்தேகம் மிச்சம். மேச்சேரி, மெட்ராஸ் சிவப்பு ஆகிய நம் செம்மறி இனங்கள் பெரும்பாலும் ஒற்றைக் குட்டி ஈனுபவை. அங்கே இரட்டைக் குட்டியைவிட, எல்லா ஆடும் காலத்தில் சினை பிடிப்பதே பெரிய ஆதாயம். ஆகவே இந்தச் சொல்லுக்கான விளக்கக் குறிப்பில் ‘குட்டி எண்ணிக்கை கூட’ என்று மட்டும் எழுதாமல் ‘சினை பிடிப்பும் குட்டி எண்ணிக்கையும் கூட’ என்று எழுதலாமா? ஊரில் ஆடு வைத்திருப்பவர்கள் இதைச் சொன்னால் நல்லது.

கிடாவின் தீவனத்தை இதில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. விந்தணு உருவாக ஏறத்தாழ ஏழு வாரம் ஆவதால் அதற்குக் காலக்கணக்கே வேறு. தனி இழையில் பேசுவோம்.